ஓட ஏலாத கால்

என் முழங்கால் போன அன்று பக்கத்தில் யாருமே இல்லை. பந்துகூட என்னிடம் இல்லை. கொல்கத்தாவில் ஒரு கால்பந்து லீக் ஆட்டம். நான் நடுக்களத்தில் ஆடுபவன். சக ஆட்டக்காரன் பந்தை என் பக்கம் தள்ளப்போகிறான் என்று தெரிந்து சட்டென்று திரும்பினேன். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. உள்ளே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

அறுவை சிகிச்சை முடிந்து கால் தேறுவதற்குள் கிளப்புடன் இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பயிற்சியாளர் நல்ல மனிதர். முப்பது தாண்டியவனை, அதுவும் ஆட்டம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இடத்தில் ஆடுகிறவனை, நிர்வாகம் மறுபடி எடுக்காது என்று தோளில் கைவைத்துச் சொன்னார். வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு இன்னொரு கிளப்பின் தேர்வுக்குப் போனேன். முதல் பாதி முடிவதற்குள் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்து, ரயில் நிலையத்துக்கு வண்டி வைத்து அனுப்பினார்கள்.

தேயிலை மலையில் இருக்கும் எங்கள் ஊர் ஓவேலிக்குத் திரும்பினேன். அம்மா சிறுமியாக இலங்கையிலிருந்து வந்தவள். அப்பா இறந்த பிறகும் இருவரும் வேலை பார்த்த தேயிலை எஸ்டேட்டிலேயே கொழுந்து பறித்துத்தான் என்னை வளர்த்தாள். லயம் என்கிற வரிசை வீடுகளில் நாங்கள் இருந்த வீடு அவள் வேலைக்காகக் கொடுத்தது. அவள் ஓய்வு பெற்றால் குடும்பத்தில் இன்னொருவர் பேர் பதிந்து வேலைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கிளப்பில் கூப்பிடுவார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவந்தேன். அதைச் சொல்லும்போது மட்டும் எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வரும். எல்லோரும் கொழுந்து பறிக்க மலையேறிய பிறகு, முழங்காலில் துணியை இறுகச் சுற்றிக்கொண்டு எஸ்டேட் மைதானத்தில் ஓடிப் பார்ப்பேன். நேராக ஓடினால் தாங்கும். திரும்பினால் மூட்டு உள்ளுக்குள் நழுவும். வாயைப் பொத்திக்கொண்டு தரையில் கிடப்பேன்.

ஒரு சாயங்காலம் அம்மாவோடு கடைக்குப் போய் அரிசி வாங்கி வரும்போது வளைவில் ஒற்றை யானை நின்றது. காதை விரித்துக்கொண்டு எங்களை நோக்கி இறங்கியது. அம்மா ஓடினாள். நானும் ஓடப் பார்த்தேன். திரும்பி எட்டு வைத்ததுமே கால் விட்டுவிட்டது. பாதையில் குப்புற விழுந்தேன். ஓடிய அம்மா திரும்பி வந்தாள். என் அக்குளில் கைகொடுத்து இழுத்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே தண்ணீர் போகும் கானுக்குள் என்னோடு உருண்டாள். யானை மேலே நின்று, சிந்திக் கிடந்த அரிசியை மோந்து பார்த்தது. பிறகு காட்டுப் பக்கம் ஏறிப் போய்விட்டது.

அம்மாவுக்கு மூச்சு அடங்கவே நேரமானது.

"ஒனக்கு ஓட ஏலாதா தம்பி?"

"ஏலாதும்மா."

கால் போன நாளில்கூட நான் அழவில்லை. அன்று அந்தச் சேற்றில் கிடந்து அழுதேன். அம்மா என்னைத் திட்டவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "நாளைக்கு தொரையப் பாப்போம்" என்றாள். ஆட்டம் முடிந்தது என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

எஸ்டேட் மேனேஜரைத்தான் துரை என்போம். அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. என் காலைப் பார்த்துவிட்டு, மலை வேலை வேண்டாமென்று என் பேரைப் பதிந்து தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் போட்டார். எஸ்டேட் டீமுக்கு ஆட முடியுமா என்றும் ஆசையாகக் கேட்டார். அம்மாதான் முடியாதென்றாள்.

அம்மா ஓய்வு பெற்றுவிட்டாள். வீடு எங்களிடமே இருக்கிறது. நாள் முழுக்க நின்று வேலை செய்வதால் சாயங்காலம் முழங்கால் வீங்கிவிடும். மூட்டை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அதற்கு இன்னும் வயது ஆகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் கோயமுத்தூர் டாக்டர். எத்தனை வருஷம் என்று கேட்டேன். அவர் சிரித்து மழுப்பினார்.

டீ நேரத்தில் யாராவது போனில் கால்பந்து ஆட்டம் போட்டுப் பார்த்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். பார்த்தால் கால் தன்னால் அசைகிறது. வலி அப்புறம்தான் தெரிகிறது.