பத்துக் குழாய்க்கும் ஒரே மூக்கு

எண்ணூர்க் கடலில் கப்பல் எண்ணெய் கொட்டி, அதை ஆட்கள் வாளிவாளியாக அள்ளினார்களே, அந்த வருஷத்து ஆடி மாதம் நடந்தது இது. தேதி கேட்காதீர்கள். எனக்குப் படிப்பில்லை; நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நேற்று சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் முன் நர்சம்மா பஞ்சால் ஸ்பிரிட் தடவினார். அந்த வாசனை ஏறியதும், எப்போதும் ஸ்பிரிட் மணக்கிற கையோடு வரும் எஸ்தர் டாக்டரம்மா முகம் வந்து நின்றது.

அப்போது திருவொற்றியூர் கால்வாய்க் கரையில் பத்துப் பன்றி வைத்திருந்தேன். ராயபுரம் பிரியாணிக் கடைகளின் மிச்சத்தை மீன்பாடி வண்டியில் ஏற்றி வருவேன். என்மேலும் அந்த வாடைதான். பஸ்ஸில் எனக்கு எப்போதும் பக்கத்து சீட் காலி. அப்படிப்பட்ட ஆளின் பக்கத்தில், பன்றிக் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்தது எஸ்தர் என்ற அந்தப் பெண். திருநெல்வேலிப் பக்கம். மாட்டு டாக்டருக்குப் படித்து, மேலே ஏதோ ஆராய்ச்சி.

"பொடிசா ஒரு வைரஸ் தாத்தா. பன்றிக்கு மூக்குல கொப்புளம் வரும், பத்து நாள்ல ஆறிரும். மனுசங்களுக்கு ஒண்ணும் பண்ணாதுங்காங்க. ஆனா சில கேன்சர் கட்டிக்குள்ள விட்டா, கட்டிய மட்டும் உடைக்கும்னு வெளிநாட்டுல பாத்துக்கிட்டிருக்காங்க. நம்ம பன்றிகள்ட்ட இருக்கான்னு தேடுதேன்."

"பன்னி சளி கேன்சரைத் துன்னுமா? இன்னா பாப்பா, கலாய்க்கிறியா?"

சிரித்தது. பிறகு, "மாட்டுக்கு வர்ற கோமாரி மாதிரியே இருக்கும், அதனால கொப்புளம் பாத்தா கால்நடை ஆபீசுக்கும் சொல்லிரணும். உங்க பன்றிக்கு இருக்கா?" என்றது.

மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. ஆபீசு என்ற சொல் மட்டும் காதில் நின்றது. ஆபீசு என்றால் பன்றி பிடிக்கிற வண்டி. முன்னால் ஒருமுறை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

"ஒண்ணியும் இல்ல பாப்பா" என்றேன். நொண்டி என்று நான் கூப்பிடும் பன்றிக்கும் இன்னும் இரண்டுக்கும் மூக்கெல்லாம் கொப்புளம்.

புது ஆளைக் கண்டால் பன்றிகள் சேற்றில் ஓடிவிடும். அதனால் ஐஸ் பெட்டியில் பத்துக் குழாய் என்னிடமே கொடுத்தது. பஞ்சுக் குச்சியை மூக்கில் தேய்த்துக் குழாயில் போட்டு மூட வேண்டும். எனக்கு எழுத்து தெரியாது என்றதும் ஒவ்வொரு பன்றியின் பேரையும் கேட்டு, குழாயில் படம் வரைந்தது. நொண்டிக்குக் குடை, காதறுந்ததற்கு இலை, ராணிக்குப் படகு. வெயிலில் குந்தி உட்கார்ந்து பத்துப் படம். எனக்காக யாரும் அவ்வளவு நேரம் செலவழித்ததில்லை.

ராணியின் மூக்கு மட்டும் பளபளவென்று இருந்தது. மற்றதை நம்ப முடியவில்லை. மறுநாள் காலை பத்துக் குச்சியையும் அதன் மூக்கிலேயே தேய்த்தேன்.

என் வீட்டுக்காரி மல்லிகா பார்த்துவிட்டாள். "யோவ், குடைக்கும் ராணி, இலைக்கும் ராணியா? அந்தப் பொண்ணு வெயில்ல குந்திகினு வரைஞ்சுதே, உனக்கு வெக்கமா இல்ல?"

"சும்மா கெட. வண்டி வந்தா நீ மறிப்பியா?"

கொப்புளம் பத்தே நாளில் ஆறிற்று, டாக்டரம்மா சொன்ன மாதிரியே.

குழாய்களை வாங்கிப்போன டாக்டரம்மா சில மாதம் கழித்து வந்தது. முகம் வாடியிருந்தது. "பத்துலயும் இல்ல தாத்தா. எல்லாம் ஒரே பன்றி மாதிரி அவ்வளவு சுத்தம்." அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் கோலி சோடா வாங்கிக் கொடுத்து, "வுடு பாப்பா, வேற எடத்துல கெடைக்கும்" என்று ஆறுதல் சொன்னேன். மல்லிகா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கடைசியாக வந்தபோது கறுப்பு அட்டை போட்ட புத்தகம் ஒன்று கொண்டுவந்தது. திருவொற்றியூர்ப் பன்றிகளுக்கு அந்த நோய் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறதாம். முதல் பக்கத்தில் நன்றி சொன்ன இடத்தில் என் விரலைப் பிடித்துச் சில எழுத்துகளின் மேல் வைத்தது. "இது உங்க பேரு தாத்தா." என் பேர் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். விரலை எடுத்துக்கொள்ளவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

போகும்போது கொட்டகைச் சுவரில் கரியால் தன் போன் நம்பரை எழுதி, எனக்கு அடையாளம் தெரிய பக்கத்தில் ஒரு பன்றியும் வரைந்தது. போன் போடச் சொல்லி மல்லிகா எத்தனையோ தடவை திட்டினாள். இன்றைக்கும் சண்டை வந்தால், "போய்யா ஒத்தமூக்கு" என்பாள். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். வருஷம் திரும்புவதற்குள் வண்டி எப்படியும் வந்தது. ராணி, நொண்டி, எல்லாம் போயிற்று. பிறகு கொட்டகையை இடித்தார்கள். சுவரோடு நம்பரும் போயிற்று. இப்போது அங்கே காம்பவுண்டு. அதைத் தாண்டிப் போனால் தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது.

இதைப் படிக்கிற நீங்கள் நாலு படித்தவர்களோடு பழகுகிறவர். எஸ்தர் என்ற பன்றி டாக்டரம்மாவை எங்காவது பார்த்தால் சொல்லுங்கள்: குடை, இலை, படகு, பத்தும் ராணிதான். நொண்டிக்குக் கொப்புளம் இருந்தது. கால்வாய்ப் பக்கம் அந்த நோய் இல்லை என்று எழுதியதைத் திருத்தட்டும். அப்படியே முதல் பக்கத்தில் என் பேரையும் அடித்துவிடச் சொல்லுங்கள்.