டோரதி என்கிற தொரத்தி

"வங்காள விரிகுடா வற்றினாலும் வற்றும், என் வாயிலிருந்து அந்த நாலெழுத்து வராது!"

டோரதி டீச்சர் இப்படிச் சபதம் செய்தபோது, ஆசிரியைகள் அறையின் ஜன்னலுக்கு அப்பால் அந்த விரிகுடா, தன்னை இதில் இழுத்தது தெரியாமல், தன் பாட்டுக்கு அலையடித்துக்கொண்டிருந்தது.

சபதத்துக்குக் காரணம் ஃப்ளோரன்ஸ் டீச்சர். "ஏன் டீச்சர், மூணாம் வகுப்புப் பாடத்துல 'நாய் முயலைத் துரத்தியது'ன்னு இருக்கு. நீங்க 'விரட்டியது'ன்னு நடத்துறீங்களாமே. அந்த நாய் ஆயுசுக்கும் முயலைத் துரத்தவே கூடாதா?" என்று கேட்டுவிட்டு, அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கு வழியே சிரிப்பு கசிந்தது.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு பெயரின் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டாக வேண்டும். பேரரசுகளின் சரித்திரத்துக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

டீச்சர் பிறந்தபோது அவருடைய தந்தை பவுல்சாமி துறைமுக ஆபீசில் குமாஸ்தா. மகளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பங்குச் சாமியாரிடம் போய் நின்றார். "டோரதி. கிரேக்கப் பெயர். இறைவன் தந்த கொடை என்று அர்த்தம்" என்றார் சாமியார். கிரேக்கம் என்றதும் பவுல்சாமிக்குப் புல்லரித்தது. ஆனால் அந்தச் சாமியார் வருகிற தகப்பன்மாருக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அவருக்குத் தெரியாது. அந்தக் காலத்துச் சாந்தோமில் வைசூரிக்கு அடுத்தபடி வேகமாகப் பரவியது டோரதிதான். கோயில் வாசலில் நின்று "டோரதி!" என்று ஒரு குரல் கொடுத்தால் முக்காடு போட்ட தலைகள் பாதி திரும்பும்.

பிறகு டோரதிகள் கல்யாணமாகித் தங்கவயலுக்கும் ரங்கூனுக்கும் போனார்கள். பெயரின் மவுசும் அவர்களோடு கப்பலேறிவிட்டது. நாற்பதுகளில் பிறந்ததெல்லாம் ஷெர்லி. பங்கில் மிஞ்சிய ஒரே டோரதி நம் டீச்சர்தான்.

கிரேக்கத்திலிருந்து கடல் கடந்து பத்திரமாக வந்த பெயர், மயிலாப்பூர் நாக்கில் கால் வைத்ததும் வழுக்கி விழுந்ததுதான் பரிதாபம். மீன்கூடையோடு வரும் பாஞ்சாலி வாசலில் நின்று, "தொரத்தியம்மா, சங்கரா கீது, வோணுமா?" என்பாள்.

"தொரத்தி இல்ல பாஞ்சாலி. டோ-ர-தி. எங்கே, சொல்லு."

"அத்தத்தாம்மா நானும் சொல்லிக்கினு கீறேன். தொ-ரத்-தி."

இத்தோடு போயிருந்தால் டீச்சர் பொறுத்திருப்பார். அவருக்குப் பெரம்பூரிலிருந்து ஒரு ரயில்வே மாப்பிள்ளை வந்தான். கேக்கும் காப்பியும் கொடுத்து உபசரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கேக்கை மென்றுகொண்டே, "பொண்ணு பேரு தொரத்தியா? வந்த மருமகளை விடிஞ்சா எழுந்தா 'தொரத்தி, தொரத்தி'ன்னு கூப்பிட்டா, அக்கம்பக்கத்துல எங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், பவுல்சாமி உட்பட. ஆனால் பெரம்பூரிலிருந்து பதில் வரவேயில்லை. பெயர் மாப்பிள்ளையைத் துரத்திவிட்டது என்று தெரு தீர்ப்பு எழுதியது.

அன்றிலிருந்து டீச்சரின் அகராதியில் அந்தச் சொல் இல்லை. துரத்து, துரத்தினான், துரத்தல் என்ற அதன் சொந்தபந்தங்களும் இல்லை. அவர் வகுப்பில் காக்கையை ஓட்டினார்கள், திருடனை விரட்டினார்கள், பகைவரைப் புறங்கண்டார்கள். ஒரு சொல்லின்மீது ஒரு மனுஷி இத்தனை காலம் கட்டுப்பாடு விதித்து வென்றதை எண்ணினால் மெய்சிலிர்க்கிறது. அன்றைய சர்க்காரின் யுத்தகால விளக்கணைப்பு உத்தரவுக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

சர்க்கார் என்றதும் நினைவுக்கு வருகிறது. நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. தியாகராய நகர்ப் பங்களாக்களைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஃப்ளோரன்ஸ் டீச்சர் திருச்சிராப்பள்ளிக்கு ஓடினாள். போக்கிடம் இல்லாத டோரதி டீச்சர் தினமும் பூசைக்குப் போய்விட்டு, காலியான தெருவில் குடை பிடித்துத் தனியே திரும்பினார். ஜப்பான்காரன் வரவில்லை. ஓடினவர்கள்தான் திரும்பி வந்தார்கள்.

டீச்சர் ஓடாமல் இருந்ததை எல்லாரும் மறந்தார்கள், சவரியம்மா மறக்கவில்லை. பள்ளிக்கூடத்து ஆயா அவள். புருஷன் ஆம்ப்ரோஸ் டிராமில் கண்டக்டர். போக்கிடம் இல்லாத அவர்களும் அந்தக் கோடையில் ஊரிலேயே இருந்தார்கள். சவரியம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு பெண்கள் பிறந்து, இரண்டும் தவழும் முன்பே போய்விட்டிருந்தன. ஒருத்தி ரோஸ்லின், ஒருத்தி ஷெர்லி. மறு வருஷம் மூன்றாவதும் பெண்ணாகவே பிறந்தது.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் டீச்சர் பார்க்கப் போனார். கோயிலில் குழந்தையை ஏந்திப் பெயர் சொல்லவேண்டிய ஞானத்தாயாக அவரைத்தான் கேட்டிருந்தார்கள். குழந்தை, துணிச்சுருளுக்குள் ஒரு கைப்பிடி அளவில் கிடந்தது.

"ரோஸ்மேரின்னு வைக்கலாமா சவரி? நல்ல பேரு."

"வோணாம் டீச்சர். நல்ல பேரு வெச்சித்தான் ரெண்டையும் வாரிக் குடுத்தேன்."

"பின்னே?"

"பக்கத்தூட்டு பாஞ்சாலி, குப்பம்மான்னு வையி, சாவு தொடாதுன்றா. அவுங்கள்ல அப்டித்தான் வெப்பாங்களாம். அவ புள்ள குப்பன் கல்லு மாரி கீறான். ஆனா சாமியார் ஒத்துக்கல. குப்பைன்னு ஒரு புனிதர் இல்லன்ட்டாரு."

மோட்சத்தின் இந்தக் குறைபாடு டீச்சருக்கும் நியாயமாகத்தான் பட்டது. "அப்ப என்னதான் வைக்கப் போறே?"

சவரியம்மா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். "உங்க பேரு டீச்சர்."

டீச்சருக்கு உள்ளுக்குள் பவுல்சாமியின் புல்லரிப்பு. "டோரதியா! அர்த்தம் தெரியுமா உனக்கு? இறைவன் தந்த கொடை."

"குடுக்கறது பெருசில்ல டீச்சர். எனக்கு ரெண்டு தபா குடுத்தாரு. குடுத்தது நிக்கணுமே, அதுக்குத்தான் பேரு வோணும். போன வருசம் ஊரே ஓடிச்சி, நீங்க ஒருத்தர் குடையப் புடிச்சிக்கினு நடந்தீங்க. ஜப்பான்காரன் பாதிக் கடல்ல உங்க பேரக் கேட்டான், திரும்பிப் பூட்டான். அந்தப் பேரு."

டீச்சருக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"சரி, டோரதின்னு சொல்றேன்" என்றார் மெல்ல.

"ஐயோ, அப்டிச் சொல்லிடாதீங்க!" சவரியம்மா பாயிலிருந்து எழப் பார்த்தாள். "நாங்க கூப்புடறாப்பல சொல்லுங்க. புள்ள பெத்த ஒடம்பு, நான் கோயிலுக்கு வரக்கூடாது, உங்க வாயிதான். எமனுக்கு இங்கிலீசு தெரியாது டீச்சர்!"

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் கோயிலில், ஞானஸ்நானத் தொட்டியருகே ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். வேறொரு குழந்தையின் முழுக்குக்கு வந்திருந்த ஃப்ளோரன்ஸ் டீச்சரும் தூண் ஓரமாக எட்டிப் பார்த்தாள். குழந்தை டீச்சரின் கையில் இருந்தது. கனமே இல்லை. ஒரு பென்சில் டப்பாவுக்கு இதைவிடக் கனம் உண்டு. அது கண்ணைத் திறந்து, வாத்தியாரம்மாவின் முகத்தைத் தப்புக் கண்டுபிடிப்பதுபோல் உற்றுப் பார்த்தது. உலகத்தில் எத்தனையோ வாய்கள் இருக்க, இத்துனூண்டு உயிரை நிறுத்துகிற வேலை டீச்சரின் வாயிடம் வந்து சேர்ந்திருந்தது. அதெல்லாம் மூடநம்பிக்கை என்று மூன்றாம் வகுப்புக்கே பாடம் நடத்தியவர் அவர். கை மட்டும் அந்தப் பாடத்தைக் கேட்காமல் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டது.

"இந்தக் குழந்தைக்கு என்ன பெயர்?" என்றார் சாமியார்.

டீச்சர் ஏதோ சொன்னார்.

சாமியார் காதருகே கையை வைத்தார். "டோரதியா?"

தூண் ஓரத்தில் ஃப்ளோரன்ஸ் டீச்சரின் கை தயாராக வாய்க்குப் போயிற்று.

"இல்லை சாமி" என்றார் டீச்சர். பிறகு, சொல்வதெழுதுதல் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி சொல்வாரே, அந்தக் குரலில், எழுத்தெழுத்தாக, நிறுத்தி, தெளிவாகச் சொன்னார்:

"தொ-ரத்-தி."

ஃப்ளோரன்ஸ் டீச்சர் சிரிக்கவில்லை. பொத்தப் போன கை பாதி வழியில் சிலுவை போட்டுக்கொண்டது. தலையில் தண்ணீர் விழுந்ததும் குழந்தை வீறிட்டது, யாரையோ விரட்டுகிற மாதிரி. மன்னிக்கவும், துரத்துகிற மாதிரி.

கோயிலுக்கு வெளியே வங்காள விரிகுடா ஒரு சொட்டும் வற்றாமல் அப்படியே கிடந்தது.