ரப்பர் மீனுக்கு ஏத்த நரம்பு

தூண்டில் கடை வச்சவன் மல்லுக்கட்டறது மீனோட இல்லீங்க, மீன் பிடிக்க வர்றவரோட. எந்தக் கடையில கல்லாவுல உக்காந்தவரா இருந்தாலும் உங்களுக்கு இது புரியும்.

தடி நரம்பு

திருச்செங்கோட்டுல போர்வெல் போடற ரிக் வண்டி முதலாளி ஒருத்தர், ராசிபுரம் ரோட்டுல இருக்கற என் கடைக்கு வந்தார். பொண்ணு நிச்சயத்துல புது சம்பந்தி, பூமியில ஓட்டை போடறவருக்கு ஏரியில என்ன வேலைன்னு எல்லார் முன்னாடியும் கேலி பண்ணிட்டாராம். மனுசனுக்குப் பொறுக்கல. ஞாயித்துக்கிழமை விருந்துக்கு என் கையால பிடிச்ச விரால் குழம்புதான்னு வாக்குக் குடுத்துட்டார்.

விராலை ஏமாத்தக் கொக்கியில மாட்டற ரப்பர் மீன் ஒரு பாக்கெட் எடுத்தார். தூண்டில்ல கட்டற நரம்புல இருக்கறதுலயே தடியானதைக் கேட்டார். அதுல கட்டினா ரப்பர் மீன் வாலை ஆட்டாது, குச்சியாட்டம் வரும், விரால் திரும்பிக்கூடப் பாக்காதுன்னு தொண்டை வறளச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டுச் சொன்னார்: "எங்க ரிக்குல கயிறு அறுந்தா ஆளே போயிருவானுங்க. தடியாவே குடுங்க சாமி."

ஷட்டர்

மூணு நாள் ஏரிக்கரையில வெயில் காஞ்சுட்டு வெறுங்கையோட வந்தார். தடி நரம்புக்குப் பதிலா மெல்லிசான பின்னல் தூண்டில் நூலை எடுத்து நீட்டினேன். தையல் நூலாட்டம் இருக்குதேன்னு அவருக்கு நம்பிக்கையே வரல. நாலு மடிப்பா முறுக்கி ஒரு முனையை என் கடை ஷட்டர்லயும் மறுமுனையைத் தன் பொலீரோவுலயும் கட்டினார். நான் ஓடி வர்றதுக்குள்ள வண்டியை எடுத்துட்டார். நூல் அறுகல. ஷட்டர் பேந்து நடு ரோட்டுல கிடந்தது. எனக்கு அழுகையே வந்துருச்சு. அவர் இறங்கி வந்து நூலை மட்டும் தடவிப் பாத்தார்: "நூலு நல்லாத்தானுங்க இருக்குது. நீங்க ஷட்டரைத்தான் பாத்து வாங்கோணும்."

விருந்து

திங்கக்கிழமை முகமெல்லாம் பல்லா வந்தார். அந்த மெல்லிசு நூலுலயே விரால் மாட்டிருச்சாம், ரெண்டு கிலோ. வாய்விட்டுச் சொல்றேன், எனக்கும் சந்தோசம் தாங்கல.

அப்புறந்தான் மீதியைச் சொன்னார். பிடிச்ச குசியில, தூண்டில்ல இருந்த ரப்பர் மீனையும் கழட்டி அதே வாளியில போட்டுட்டாராம். ஊட்டுல சமையல் அவசரத்துல யாரும் பாக்கல, எல்லாம் சேந்து குழம்புல கொதிச்சிருக்குது. இவர் கவனிச்சப்போ அது சம்பந்தி வாயில இருந்துச்சாம். கல்யாணமே நின்னுருச்சுங்களான்னு பதறிக் கேட்டேன். அவர் கல்லாவுல சாஞ்சு மெதுவா கேட்டார்: "அந்தச் சின்ன மீனுல முள்ளே இல்லீன்னு சம்பந்திக்கு ஒரே சந்தோசமுங்க. அதே ரகத்துல ஒரு அரைக் கிலோ போடுங்க."

இப்பெல்லாம் எந்த நரம்பு நல்லதுன்னு யார் கேட்டாலும், ஊட்டுக்குச் சாப்பிட யாரு வர்றாங்கன்னு விசாரிச்சுட்டுத்தான் எடுத்துக் குடுக்கறேன்.