அமோனியா வாசனை தெரியாதவர்

துபாயின் ஜெபல் அலியில் நான் வேலை பார்க்கும் ஆலைக்கு மூட்டை மூட்டையாக வரும் சரக்கு, பார்க்கக் கல்லுப்பைப் பொடித்தது போல இருக்கும். அமோனியம் குளோரைடு. சோடா உப்பு செய்யும் தொழிற்சாலைகளில் மிஞ்சிப்போய், வாங்க ஆளில்லாமல் குவிந்து கிடப்பது. அதைச் சூடாக்கினால் அமோனியா, ஹைட்ரஜன் குளோரைடு என்று இரண்டு வாயுக்களாகப் பிரியும். இரண்டுக்குமே கிராக்கி உண்டு. ஆனால் சூடு தணிந்ததும் இரண்டும் சேர்ந்து பழையபடி உப்பாகிவிடும். அதனால் உலையில் மக்னீசியம் ஆக்சைடு தூளையும் கலந்து போடுவோம். அமில வாயுவை அந்தத் தூள் பிடித்து வைத்துக்கொள்ள, அமோனியா மட்டும் முதலில் வெளியேறும். அதை ஒரு குழாயில் அனுப்பிவிட்டுத் தூளை இன்னும் கடுமையாகச் சூடாக்கினால், பிடித்து வைத்த அமிலத்தை அது விட்டுவிடும். அது வேறு குழாயில் போகும்.

சொல்ல எளிது. கொஞ்சம் உப்பு பிரியாமலே ஆவியாகி அமோனியாக் குழாய்க்குள் போய்ப் படியும். வாரத்துக்கு ஒரு தடவையாவது குழாய் அடைத்துக்கொள்ளும். கழற்றிச் சுரண்ட வேண்டும். அதற்கு முன் நைட்ரஜன் விட்டு உள்ளிருப்பதைத் துரத்துவோம். அடியிலுள்ள வடிகுழாயில் அமோனியாவைக் காட்டும் மீட்டர் வைத்துப் பார்ப்போம். அடைப்புக்குப் பின்னால் வாயு தேங்கியிருந்தால் மீட்டர் காட்டாது. அதனால் கடைசியாக போல்ட்டுகளைக் கொஞ்சம் மட்டும் தளர்த்தி மூக்கால் பார்ப்போம். நெடி வந்தால் உடனே முறுக்கிவிட வேண்டும்.

என் ஷிஃப்டில் அதைப் பார்த்துத் திறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவந்தவர் காயல்பட்டினத்துக்காரர். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அரியலூர்க்காரனான நானும் அவரைக் காக்கா என்றே கூப்பிட்டேன். இரண்டு பேரும் அஜ்மானில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தோம். தினமும் அவருடைய காரில்தான் வேலைக்குப் போவோம்.

காக்கா மூக்கை நம்புவதில்லை. கண்ணாடிக் குச்சி ஒன்றில் பஞ்சைச் சுற்றி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தொட்டு, இணைப்புகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். அமோனியா துளி கசிந்தாலும் பஞ்சைச் சுற்றி வெள்ளைப் புகை எழும். 'எவ்வளவு கவனமான ஆள்' என்று மேனேஜர் எங்கள் முன்னாலேயே பாராட்டியிருக்கிறார்.

ஜூலையில் ஒரு காலை, காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பின்சீட்டுக்கு அடியில் பால் கொட்டி, வெயிலில் புளித்துப் போயிருந்தது. கண்ணாடி நான்கும் ஏற்றியிருக்க, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. காக்கா சாதாரணமாக உட்கார்ந்திருந்தார்.

"காக்கா, இந்த நாத்தத்துல எப்படி உக்காந்திருக்கீங்க?"

"என்ன நாத்தம்?" என்றார். சொன்ன பிறகுதான் முகம் மாறியது.

ஷார்ஜா தாண்டினோம். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தக் கொரோனாக் காய்ச்சல்ல போச்சு தம்பி. திரும்பி வரவே இல்ல. போன லீவுல ஊருக்குப் போனப்ப, பொறந்து பத்து நாள் ஆன மகள மூக்கோட சேத்து வச்சுப் பாத்தேன். ஒண்ணுமே தெரியல."

அந்தக் குச்சியும் பஞ்சும் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஆபீஸ்ல சொல்லிடுங்க காக்கா. நீங்க சொல்லலேன்னா நான் சொல்ல வேண்டி வரும்."

"செப்டம்பர் லீவுக்குப் போயி, ஊருல டாக்டர்ட்ட காட்டிட்டு வந்து நானே சொல்லுதேன். அதுவரைக்கும் பொறுத்துக்கிடுங்க. மூக்கு இல்லாதவன அமோனியா பிளான்ட்ல யாரு வச்சிக்கிடுவா?"

யோசித்தேன். அதுவரை எந்த இணைப்பைத் திறந்தாலும் நான் வந்து முகர்ந்து பார்க்கிறேன், நான் சரி என்ற பிறகு நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். நல்ல ஏற்பாடு என்றுதான் எனக்கும் பட்டது. ஐந்து தடவையோ ஆறு தடவையோ அப்படித்தான் செய்தோம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் சேஃப்டிக்காரர்கள் சுற்றி வந்தபோது, லேபிள் ஒட்டவில்லை என்று காக்காவின் அமிலச் சீசாவை எடுத்துப் போய்விட்டார்கள். பதினோரு மணிக்குக் குழாய் அடைத்தது. அந்த நேரம் பார்த்து, சரக்கைச் சோதிக்கும் லேபுக்கு என்னைக் கூப்பிட்டார்கள், ஒரு சாம்பிள் கணக்கு ஒத்துவரவில்லை என்று. பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று காக்காவுக்கு ரேடியோவில் சொன்னேன். அரை மணி ஆகிவிட்டது.

அதற்குள் கண்ட்ரோல் ரூமிலிருந்து இரண்டு தடவை அவசரப்படுத்தியிருக்கிறார்கள். மீட்டர் பூஜ்யம் காட்டியது. குழாயைக் கழற்ற வந்த பிட்டர் ஒரு பீகார்க்காரர், குழாய் வேலையில் பழுத்தவர். மூக்கையும் வாயையும் மூடும் வாயு மாஸ்க் போட்டிருந்ததால் அவருக்கு நெடி தெரிய வாய்ப்பில்லை. அன்றைய புழுக்கத்தில் பாதுகாப்புக் கண்ணாடி பனித்து மறைத்ததால் அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். போல்ட்டைத் தளர்த்திவிட்டு, "பாய், கேஸ் ஹை?" என்று கேட்டிருக்கிறார்.

காக்கா குனிந்து முகர்ந்திருக்கிறார். "நஹி. கோலோ." வாயு இல்லை, திற என்று.

நான் லேபிலிருந்து இறங்கி வரும்போது கத்தல் கேட்டது. பிட்டரை இரண்டு பேர் இழுத்துக்கொண்டு அவசரக் குளியல் குழாய்க்கு ஓடினார்கள். காக்காவும் கண்ணைப் பொத்திக்கொண்டு தடுமாறினார். வாசனை தெரியாவிட்டாலும் எரிச்சல் தெரியுமே. ஆனால் அது தெரிவதற்குள் வாயு முகத்தில் அடித்துவிடும். நான் பிட்டரின் இமைகளை விரல்களால் பிரித்துப் பிடித்துக்கொள்ள, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார். ஆம்புலன்ஸ் வரும் வரை விடவில்லை.

இரண்டு நாள் கழித்து விசாரணை. மேனேஜரும் சேஃப்டி அதிகாரியும் மேசைக்கு அந்தப் பக்கம். காக்காவை முதலில் கேட்டார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"எனக்கு வாசனை தெரியாது சார். ரொம்ப நாளா."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "இது வேற யாருக்குத் தெரியும்?"

நான் அதே அறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். காக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாருக்கும் தெரியாது" என்றார்.

அப்போது நான் எழுந்திருந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. என் முறை வந்தபோது, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை லேபில் இருந்தேன் என்று கேட்டார்கள். சொன்னேன். அவ்வளவுதான்.

காக்காவின் விசா கேன்சல் ஆனது. முன்பே சொல்லியிருந்தால் கண்ட்ரோல் ரூமுக்கு மாற்றியிருப்போம் என்று மேனேஜர் அவரிடம் சொன்னாராம். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் காக்கா அதைச் சொல்லி, "கேக்கவே இல்லயே நான்" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "வேண்டாம் தம்பி" என்று நிறுத்திவிட்டார்.

பிட்டருக்கு இடது கண் சரியாகிவிட்டது. வலது கண்ணில் வெள்ளைப் படலம் விழுந்து நின்றுவிட்டது. ஸ்டோரில் எளிய வேலை கொடுத்தார்கள். மூன்று மாதம் அவரைப் பார்க்காமல் சுற்றி நடந்தேன். பிறகு ஒரு விடுமுறை நாளில் அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்புக்குப் போனேன். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தார். எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். காக்காவுக்கு வாசனை தெரியாது என்பது ஜூலையிலேயே எனக்குத் தெரியும், நான்தான் அவருக்குப் பதிலாக முகர்ந்தேன், அன்று நான் வரவில்லை.

பிறகு கேட்டார், உங்களுக்கு வாசனை தெரியும்தானே என்று. தெரியும் என்றேன். டீயைக் குடியுங்கள், ஆறுகிறது என்றார்.

மறுநாள் மேனேஜரிடமும் போய்ச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "முடிஞ்ச ஃபைல். இப்ப எதுக்கு?" என்றார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, அவ்வளவுதான். ஆனால் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் வாசனைச் சோதனையும் வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்ததை ஏற்றுக்கொண்டார்கள். கண்ணை மூடி நான்கு சீசாக்களை முகர்ந்து, எதில் என்ன என்று சொல்ல வேண்டும்.

முதல் வருடமே அமிலப் பகுதி ஆபரேட்டர் ஒருவர் அதில் தேறவில்லை. கடலூர்ப் பக்கத்துக்காரர், என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர். அவரை மூட்டை கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை. ஆனால் சோதனை யாரால் வந்தது என்று அவருக்குத் தெரியும். இப்போது அவர் வேறு மேசையில் உட்காருகிறார்.