சின்னம்மா பூப் போட்ட இடம்

கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு வந்த முதல் உயிர்த்த ஞாயிறு அது. எனக்கு ஏழு வயது. அன்று விடியலில் எங்கள் சபையார் சேமக்காலைக்குப் போய், அவரவர் குடும்பத்துக் கல்லறைகளில் பூ வைத்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். அந்த வருடம் புதிய கல்லறைகள் அதிகம். சின்னம்மா மட்டும் கை நிறையச் செவ்வரத்தம் பூக்களோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய ஒரே மகனை, நான் தம்பி என்று கூப்பிட்டு நாள் முழுக்கச் சண்டை பிடித்தவனை, கடல் திருப்பித் தரவில்லை. பூ வைக்க அவளுக்கு இடமில்லை.

இயேசுவின் கல்லறை வெறுமையாக இருந்ததுதான் நம்முடைய நம்பிக்கை என்று போதகர் பிரசங்கித்தார். சொல்வதைக் கவனிக்காத பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்த நான், அன்றைக்கென்று கவனித்துவிட்டேன். நேரே வாசலுக்கு ஓடினேன்.

"சின்னம்மா, தம்பிக்குக் கல்லறையே இல்லையே. அப்ப அவன் எல்லாருக்கும் முந்தி எழும்பிட்டானா?"

பின்னால் வந்த அம்மா என் தொடையில் கிள்ளினாள். சின்னம்மா அந்தக் கையை விலக்கினாள். "அவளை ஏசாதீங்க அக்கா." பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு, அதுவரை திரும்பியும் பார்க்காத கடற்கரைக்கு நடந்தாள்.

அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முன்பு எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த, அண்ணன் முறையில் காக்கா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் மனிதர், அவளைக் கண்டதும் கயிற்றை விட்டுவிட்டு வந்தார். அவரும் மகளைப் பறிகொடுத்தவர்.

"என்ன தங்கச்சி, இந்தப் பக்கம்?"

"இண்டைக்கு எங்கட பெருநாள் காக்கா. மகனுக்குப் பூப் போட வந்தன்."

அவர் கடலைத் திரும்பிப் பார்த்தார். "இதில அலை கூட. அங்கால தோணியடிக்கு வாங்க" என்று முன்னால் நடந்தார்.

சின்னம்மா கணுக்கால் நனைய நின்று பூக்களைத் தண்ணீரில் விட்டாள். காலையில் எல்லோரும் பாடியபோது தான் வாய் திறக்காமல் நின்ற உயிர்ப்புப் பாட்டை மெல்லப் பாடினாள். கண்ணீர் வடிந்தது, குரல் உடையவில்லை. நானோ தம்பி எந்தப் பக்கத்தால் வருவான் என்று கடலையே பார்த்திருந்தேன். பசி வந்துவிட்டது.

"எப்ப வருவான் சின்னம்மா?"

"வருவான் மகள். இண்டைக்கில்ல."

அவள் சொன்ன விதத்தில் துளிச் சந்தேகம் இல்லை. அப்படியென்றால் நாளைக்கு என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் என் பணிஸ் ரொட்டியில் பாதியைத் தம்பிக்கென்று ஒரு கோப்பையில் வைத்து, எறும்பு வராமல் சுற்றித் தண்ணீர் ஊற்றினேன். சின்னம்மா அதைக் கண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.