அக்கா கொடுக்காத அளீவ் லட்டு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் ஒரே தங்கை வணங்கி எழுதுவது. அக்கா போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி அத்தான் கேட்டார். எழுதினால் என் குற்றமும் கூடவே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது திருச்செந்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். மணமாகி மும்பையில் தாராவிக்கு வந்த மறுவருடமே எங்கள் பெற்றோர் அடுத்தடுத்துப் போய்விட, ஒன்பது வயதான என்னை வரவழைத்து வளர்த்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. என்னைக் கட்டிக்கொடுத்த பிறகும் எனக்குத் தாய்வீடு அக்கா வீடுதான்.

அத்தானின் மளிகைக்கடையில் அக்காவும் நிற்பார். மராத்திப் பெண்கள் ‘அளீவ்’ கேட்பார்கள், வடக்கத்தியார் ‘ஹலீம்’ என்பார்கள், குஜராத்திகள் ‘அசேளியோ’ என்பார்கள். எல்லோருக்கும் அக்கா திறப்பது ஒரே டப்பாதான். உள்ளே செம்பழுப்பாகப் பொடி விதை இருக்கும். ஊரில் நாங்கள் அதைச் சமைத்ததில்லை. பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள்தான் அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தார். இளநீரில் ஊறவைத்தால் விதை வழுவழுவென்று உப்பும். தேங்காய்த் துருவலும் வெல்லமும் சேர்த்துக் கிளறி உருண்டை பிடிப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு இடுப்புவலி நீங்கும், பால் ஊறும் என்பார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மட்டும் தொடவே கூடாது என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார்.

நான் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அம்மாளின் மகள் பிள்ளை பெற்றிருந்தாள். அவளுக்காக அக்கா லட்டு பிடித்தார். எனக்கு நாக்கு ஊறியது. கேட்டேன். “பெத்த பொறவு நானே ஒனக்குப் பிடிச்சுத் தாரேன்ட்டீ, இப்ப வேண்டாம்” என்று மேல்தட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். நான் முக்காலி போட்டு ஏறி நான்கு லட்டு தின்றேன்.

மூன்றாம் நாள் வலி கண்டது. பிள்ளை தங்கவில்லை. லட்டு தின்றதை டாக்டரிடம் சொன்னேன். அதனால்தான் என்று சொல்ல முடியாது, தானாகவும் இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். என் புகுந்த வீடு இருக்கும் சுனாபட்டியிலிருந்து வந்த என் மாமியார் டாக்டர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, யார் கொடுத்தது என்று கேட்டார். நான் பயந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். “நான்தான் குடுத்தேன், தெரியாம” என்றார் அக்கா.

பிறகு பேசாத வாயில்லை. பிள்ளையில்லாதவள் வயிற்றெரிச்சலில் செய்தாள் என்றார்கள். எந்த வீட்டு வளைகாப்புக்கும் அக்காவுக்கு அழைப்பில்லை. இரண்டு வருடம் கழித்து எனக்கு மகள் பிறந்தபோது அக்கா சொன்னபடி லட்டு பிடித்து, அந்த மராத்தி அம்மாள் கையில் கொடுத்து அனுப்பினார். தாமும் கூடவே சுனாபட்டி வரை வந்தார், ஆனால் வாசலைத் தாண்டவில்லை. உள்ளே வா என்று நானும் கூப்பிடவில்லை, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மஞ்சள் காமாலையில் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம், எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன்.

“இப்ப எதுக்குட்டீ? நான் போயிருவேன். நீ அந்த வீட்லலா இருக்கணும்” என்றார்.

அந்தப் பேச்சைக் கேட்டு இன்னும் ஒரு வருடம் வாயை மூடியிருந்தேன். இனி முடியாது. அக்கா எனக்கு லட்டு கொடுக்கவில்லை. வேண்டாம் என்றுதான் சொன்னார். திருடித் தின்றவள் நான். இதை என் மாமியாருக்கு நானே வாசித்துக் காட்டப்போகிறேன்.

அக்காவுக்குக் கடைசிவரை கஞ்சி கொண்டுவந்த மராத்தி அம்மாளுக்கும், ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த கடைத்தெருக்காரர்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தானிடம் நான் மன்னிப்பைத்தான் கேட்க வேண்டும்.

என் மகளுக்கு இப்போது நான்கு வயது. அக்கா அவளை ஒருநாளும் தூக்கியதில்லை. தூக்கிக்கொள் என்று நான் நீட்டவில்லை.