சுவரைப் பார்த்து நின்ற முருகன்

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. உப்பளத்தில் மூட்டை தூக்கினேன், மாட்டுவண்டி ஓட்டினேன், எழுபதுகளின் நடுவில் சொந்தமாக லாரி வாங்கினேன், அப்புறம் ஓர் அம்பாசடர் கார். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு முதலில் வந்த கார் என்னுடையதுதான். யாரும் மறுக்க முடியாது. அதனால் விஷயம் தெரிந்தவர்களைப் பார்த்து எனக்குப் பயம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். பிரெஞ்சுக்கார மரியாதைப்படி தெருவே அவரை முசே என்று கூப்பிடும். சொன்ன பக்கம் திரும்பி, சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டே காலம் தள்ளிய மனுஷர், ஊருக்கு வந்ததும் வேதாந்த வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். கடவுளுக்கு உருவம் இல்லை, குணம் இல்லை, பிரம்மம் ஒன்றுதான் என்பார். சாமி படத்தைக் கும்பிடுவது ஒண்ணாங் கிளாஸாம். இவர் கடைசி கிளாஸ். என்னைக் கேட்டால் அவருக்கு வாய்த்தது ரொம்ப வசதியான கடவுள். கிருத்திகைக்கு மீனை நிறுத்தச் சொல்லாது. வெறுங்காலோடு மயிலம் மலை ஏறச் சொல்லாது.

அவர் மனைவிக்கு முருகன்தான். சமையலறை மாடத்தில் படம் இருந்தது. அரிசி களையும்போதும் அதனோடு பேசிக்கொண்டிருப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். அவர்களுடைய ஒரே மகனுக்கு மூளைக்காய்ச்சல் வந்துவிட்டது. நான்தான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நினைவில்லாமல் கிடந்தான். மறுநாள் காலையில் அந்த அம்மாள் முருகன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். பூவும் இல்லை, விளக்கும் இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் சாமியோடு சண்டை போட்டால் இப்படித்தான் செய்வார்கள். என் வீட்டிலும் நடந்திருக்கிறது.

கடைசி கிளாஸ்காரருக்கு அது தெரியவில்லை. பையனை விசாரிக்க அவருடைய வேதாந்த வகுப்பு நண்பர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அந்த அம்மாளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக நானும் போய் நின்றேன்.

முசே மாடத்தைக் காட்டினார். "பாத்தீங்களா, நான் ஒரு வார்த்த சொல்லல. அவளே புரிஞ்சிக்கினு திருப்பி வச்சிட்டா. துக்கம் வந்தாதான் ஞானம் வருது."

"பக்குவம்," என்றார் நண்பர் ஒருவர்.

அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த தன் தம்பிக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தார். "என்னா புரிஞ்சிது? அவன் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு திருப்பி வச்சிருக்கேன். எம்புள்ள கண்ணு முழிக்கிற வரைக்கும் அப்படியே நிக்கட்டும்."

"அது வெறும் காயிதம்டி."

"காயிதத்துகிட்ட யாருனா கோவிச்சிக்குவாங்களா? வாங்கண்ணே, நேரமாவுது."

பக்குவம் சொன்னவர் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

முசேவும் எங்களோடு வந்தார். சாயங்காலம் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்று போய்விட்டார். அந்த அம்மாள் வராந்தா மூலையில் உட்கார்ந்து முருகனைத் திட்ட ஆரம்பித்தார். லாரி ஷெட்டில்கூட நான் அப்படிக் கேட்டதில்லை. "ஆறு மூஞ்சி வச்சிருக்கியே, ஒண்ணாவது இந்தப் பக்கம் திரும்பிச்சா? பன்னெண்டு கண்ணு என்னாத்துக்குடா உனக்கு?" திட்டித் தீர்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பிக்குச் சோறு எடுத்து வைத்தார்.

முசே விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. குணமே இல்லாததிடம் போய் இரக்கம் காட்டு என்று எப்படிக் கேட்பார்? முகமே இல்லாததை எங்கே பார்த்துத் திட்டுவார்? கொஞ்ச நேரத்தில் நேரே என்னிடம் வந்தார்.

"யோவ், எல்லாம் உன்னாலதான்யா. மாட்டுவண்டியாட்டம் உருட்டிக்கினு வந்த. வெரசா வந்திருந்தா எம்புள்ள இப்படிக் கெடப்பானா?"

அப்புறம் பிரெஞ்சில் திட்டினார். பிள்ளையைக் கொண்டுவந்த அன்று தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். அந்தத் தண்ணீரில் என்னைத் தவிர வேறு எவனும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டியிருக்க முடியாது. என் டெரிலின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். செய்யட்டும் என்று விட்டேன். உலுக்கிக்கொண்டே என் தோளில் விழுந்து அழுதார்.

பையன் பிழைத்துக்கொண்டான். முசே மறுபடி வகுப்புக்குப் போனார், அதே உருவமில்லாத கதையை எனக்கே வந்து சொன்னார். உருவம் இல்லாமலே இருக்கட்டும், எனக்கென்ன. அன்றைக்கு என் சட்டையில் இரண்டு பொத்தான் தெறித்துப் போயிருந்தது. அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.